முதுகில் உருகாத பனி

ஜனவரி மாதத்தில் ஐரோப்பாவின் வடபகுதியில் கிராமத்துச் சாலைகளில் போகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் காட்சி இது. வேலிக்குள் நாலைந்து குதிரைகள் நிற்கும். பக்கத்திலேயே ஒரு கொட்டகை திறந்து கிடக்கும். அதற்குள் ஒன்றுகூடப் போகாது. முதுகில் நாலு விரல்கடை உயரத்துக்கு வெண்பனி. இமை மயிரில் பனித்தூள், மோவாயில் தொங்கும் பனி ஊசிகள். தலையைச் சற்றே தாழ்த்தி, பின்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுத்து, ஊர் எல்லையில் நிற்கும் மண்குதிரை மாதிரி அசையாமல் நிற்கும். காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போகிறவருக்கு மனசு கேட்காது. வண்டியை ஓரங்கட்டி விலங்கு நல அமைப்பு எதற்காவது போன் போடுவார்: "பாவம், பனியில் நனைய விட்டிருக்கிறார்கள்!"

அந்த முதுகைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பனி அங்கே நனைந்து கிடக்கவில்லை, உலர்ந்த மாவு மாதிரி கிடக்கிறது. ஊதினால் பறக்கும். அதன் அடியில் மயிர்க்கால்களுக்குள் விரலை நுழைத்தால் தோல் வெதுவெதுப்பாக இருக்கும், ஈரமே தட்டாது. உள்ளே 38 டிகிரிச் சூட்டில் ஓர் உடம்பு. அதற்கு மேலே, சில சென்டிமீட்டர் தள்ளி, உருகாத பனி. உடம்பின் சூடு வெளியே கசிந்திருந்தால் அந்தப் பனி எப்போதோ தண்ணீராகி வழிந்திருக்கும். வடநாடுகளில் ஒரு வீட்டுக் கூரையில் பனி நிற்கிறதா, உருகி ஒழுகுகிறதா என்று பார்த்தே அந்த வீட்டின் வெப்பக் காப்பு எப்படி என்று சொல்லிவிடுவார்கள். குதிரையின் முதுகும் அப்படியொரு கூரைதான். போன் போட்டவர் எதைக் கொடுமையின் அடையாளம் என்று நினைத்தாரோ, அதுதான் அந்தக் குதிரைக்குக் குளிரவில்லை என்பதற்குச் சாட்சி.

நாம் குளிரை நம் தோலால் அளக்கிறோம். மனிதத் தோல் வெப்பநாட்டுத் தோல். துணியில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு 28 டிகிரிக்குக் கீழே போனாலே உடம்பு சூட்டைக் காப்பாற்ற வேலை செய்யத் தொடங்கிவிடும். குளிர்கால மயிர் வளர்ந்த, நன்றாகத் தின்று கொழுத்த பெரிய குதிரைக்கு அந்த எல்லை சுமார் −15 டிகிரி. கனடாவின் குளிருக்குப் பழகிய குதிரைகளை அளந்து சொன்ன கணக்கு இது. காற்றும் மழையும் இல்லாவிட்டால், −15 வரை அது நடுங்க வேண்டியதும் இல்லை, கூடுதலாக எதையும் எரிக்க வேண்டியதும் இல்லை. அதே குதிரையின் மயிரை மழித்துவிட்டால் எல்லை ஒரேயடியாக +5 டிகிரிக்கு ஏறிவிடும். அந்த இருபது டிகிரி இடைவெளி முழுக்க மயிரின் வேலை.

இந்த மயிர் எப்போது வளரத் தொடங்குகிறது என்பது ஒரு வேடிக்கை. குளிர் வந்த பிறகு இல்லை, கோடையின் உச்சியிலேயே! ஜூன் 21-ஐத் தாண்டிப் பகல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறதல்லவா, அந்தக் குறைவைக் கண் வழியாக மூளை கவனிக்கிறது. இரவு நீள நீள பீனியல் சுரப்பி மெலடோனினைக் கூடுதல் நேரம் சுரக்கிறது. அது மற்ற ஹார்மோன்களுக்குச் செய்தி சொல்கிறது. ஆகஸ்ட் கடைசியில், நாமெல்லாம் இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கும்போதே, புது மயிர் தோலைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். அதேபோல் டிசம்பர் 22-க்குப் பிறகு, கடுங்குளிர் இன்னும் பாக்கி இருக்கும்போதே, உதிர்வதற்கான ஏற்பாடு உள்ளே தொடங்கிவிடும். இனப்பெருக்கப் பண்ணைக்காரர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். லாயத்தில் விளக்கைப் போட்டு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டினால், பெண்குதிரை வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்து சீக்கிரமே பருவத்துக்கு வரும், மயிரையும் உதிர்த்துவிடும். விளக்கெரியும் லாயத்தில் வளர்ந்த குதிரையைத் திடீரென்று ஜனவரியில் வெளியே விட்டால் அது தவித்துப்போவதற்குக் காரணமும் இதுதான். அதற்குச் சட்டை தைத்துக் கொடுக்க வேண்டிய இருட்டை நாம் பறித்துவிட்டோம்.

மயிரில் இரண்டு அடுக்கு. மேலே நீளமான, எண்ணெய்ப் பசையுள்ள முடி. கீழே பஞ்சு மாதிரி அடர்ந்த மென்முடி. குளிர் கூடும்போது ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் உள்ள சின்னஞ்சிறு தசை இழுத்து மயிரை நிமிர்த்தும். நமக்குப் புல்லரிப்பதும் இதே தசையால்தான். நம்மிடம் நிமிர்த்துவதற்குச் சரக்கு இல்லை, அவ்வளவுதான். நிமிர்ந்த மயிருக்கு இடையில் காற்று சிறைப்படுகிறது. சூட்டைக் காப்பது உண்மையில் அந்தக் காற்று. மயிர் அதைப் பிடித்துவைக்கும் வலை மட்டும்தான். இதனால்தான் மெல்லிய போர்வை ஒன்றைக் குதிரைமேல் போர்த்துவது சில சமயம் உபகாரமாகத் தொடங்கி உபத்திரவத்தில் முடிகிறது. போர்வையின் கனம் மயிரை அழுத்திப் படியவைத்து, சிறைப்பட்ட காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. போர்த்துவதானால் கனமாகப் போர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சும்மா விட வேண்டும்.

சட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே அடுப்பு எரிய வேண்டும். குதிரையின் அடுப்பு அதன் பெருங்குடலில் இருக்கிறது. மாட்டைப் போல் நாலு அறை வயிறு குதிரைக்குக் கிடையாது, அசை போடுவதும் கிடையாது. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சின்னது. புல்லின் நாரை உடைக்கும் வேலை முழுவதும் பின்பக்கத்தில் நடக்கிறது. சிறுகுடல் முடியும் இடத்தில் சீக்கம் என்று ஒரு பை உண்டு. நமக்கு எலுமிச்சம்பழ அளவில் இருப்பது, குதிரைக்குச் சுமார் 30 லிட்டர் கொள்ளும் பானை. அதை ஒட்டி அதைவிடப் பெரிய பெருங்குடல். இரண்டிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துக்கொண்டே இருக்கின்றன. இட்லி மாவு பொங்கும் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, சாணக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு, நொதித்தல் என்றால் சூடு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூடு வயிற்றின் நடுவிலிருந்து இரவெல்லாம் பரவுகிறது.

கடும் பனி நாளில் குதிரைக்குச் சோளமோ ஓட்ஸோ கூடுதலாகப் போட்டால் "சூடு" என்று மேலை நாட்டுப் பண்ணைக்காரர்களும் வெகுகாலம் நம்பினார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோமே, அந்த மாதிரி ஒரு கணக்கு. தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே கரைந்து இரத்தத்தில் சேர்ந்துவிடும்; அடுப்புக்குப் போய்ச் சேருவது குறைவு. உலர்ந்த புல்தான் நின்று எரியும் விறகு. எல்லை வெப்பநிலைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் குதிரைக்குத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 2.5 சதவீதம் கூடுகிறது. 500 கிலோ எடையுள்ள குதிரை சாதாரண நாளில் 10 கிலோ உலர்புல் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். −25 டிகிரி இரவுக்கு, பத்து டிகிரிக் குறைவுக்கு 25 சதவீதம். அதாவது இன்னும் இரண்டரைக் கிலோ. ஒரு கட்டுப் புல்லை அவிழ்த்துப் போட்டால் தீர்ந்தது. போர்வை வாங்கும் செலவைவிட இது மலிவு.

கால்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். நாள் முழுக்கப் பனியில் நிற்கிறதே, குளம்பு உறைந்துபோகாதா? முழங்காலுக்குக் கீழே குதிரையின் காலில் தசையே கிடையாது. எலும்பு, தசைநாண், தோல், கடைசியில் குளம்பு. தசைகளெல்லாம் மேலே உடம்போடு ஒட்டியிருந்து, நீண்ட தசைநாண்களைக் கயிறு மாதிரி இழுத்துக் கால்களை ஆட்டுகின்றன. பொம்மலாட்டம்தான். ஆகவே கீழ்க்காலைச் சூடாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உடம்புக்கு இல்லை. இரத்தம் போகும் வழியைச் சுருக்கி, தேவைக்கு மட்டும் அவ்வப்போது திறந்துவிடுகிறது. குளம்பு எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சான்று கிடைத்தது. குவீன்ஸ்லாந்தில் கிறிஸ் பொலிட், ஆண்ட்ரூ வான் எப்ஸ் என்ற இரு கால்நடை மருத்துவர்கள், குளம்புக்குள் வரும் கொடிய அழற்சி ஒன்றைத் தடுக்கக் குதிரையின் கீழ்க்காலை 48 மணி நேரம் தொடர்ந்து பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். 2004-இல் வெளிவந்த ஆய்வு. குதிரைகள் நொண்டவும் இல்லை, சேதமும் இல்லை. இன்று அது ஒரு சிகிச்சை முறையாகவே ஆகிவிட்டது. நம் காலை ஒரு மணி நேரம் அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். லாடம் அடித்த குதிரைக்கு மட்டும் ஒரு தொல்லை: லாடத்தின் உட்குழிவில் பனி உருண்டு திரண்டு, குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட மாதிரி தடுமாறும். வடநாடுகளில் பலர் குளிர்காலத்தில் லாடத்தைக் கழற்றிவிடுவது இதற்காகத்தான்.

இத்தனையும் இருந்தும் குதிரைகள் குளிரில் சாகத்தான் செய்கின்றன. எப்படி என்று பார்த்தால் மூன்று பேர் மாறி மாறி வருகிறார்கள்: ஈரம், காற்று, வெறும் வயிறு.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மழை மயிருக்குள் இறங்கி மென்முடியை நனைத்து ஒட்டவைத்துவிட்டால், சிறைப்பட்ட காற்று போய் அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துவிடுகிறது. வெண்பனி அப்படிச் செய்வதில்லை, உலர்ந்து மேலேயே கிடக்கிறது. நார்வேயின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் −20 டிகிரியில் நிற்கும் குதிரையைவிட, மேற்குக் கடற்கரையில் +3 டிகிரியில் கொட்டும் மழையில் நிற்கும் குதிரைதான் பரிதாபத்துக்குரியது. அந்த மழையில் யாரும் வண்டியை நிறுத்திப் போன் போடுவதில்லை. மழையில் நனைவது மாடு கன்றுக்குச் சகஜம்தானே என்று போய்விடுகிறார்கள். மயிரை நிமிர்த்திவைத்திருக்கும் குதிரையின்மேல் வேகமான காற்று அடித்தாலும் அதே கதிதான். வடக்கில் வெளியே குதிரை வளர்ப்பவர்களுக்கு மூன்று பக்கச் சுவரும் ஒரு கூரையும் உலர்ந்த தரையும் கட்டாயமாவது இதனால்தான். கதவு தேவையில்லை. உலர்ந்த தரை எதற்கென்றால், குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. கனவு காணும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், சேற்றில் படுக்காது.

குளிருக்குப் பேர்போன குதிரைகளும் தோற்ற கதை ஒன்று அண்டார்க்டிகாவில் உண்டு. 1910-இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்ட ராபர்ட் ஸ்காட் 19 மட்டக்குதிரைகளைக் கொண்டுபோனார். மஞ்சூரியாவிலிருந்து வாங்கியவை, உறைகுளிர் அவற்றுக்குப் புதிதல்ல. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கேப்டன் லாரன்ஸ் ஓட்ஸுக்கு. குதிரைகளைக் கண்டதுமே கிழட்டுச் சரக்கு என்று அலுத்துக்கொண்டவர் அவர். ஆனாலும் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். குதிரைக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். பனிவண்டியை இழுத்து வியர்த்த உடம்பு, நின்றதும் ஈரத்தோடு உறையும். மயிர்ச்சட்டைக்குள் வியர்வையே மழையாகிவிடுகிறது. முகாம் போடும் இடமெல்லாம் ஆட்கள் தங்கள் கூடாரத்துக்குள் நுழைவதற்கு முன் பனிப்பாளங்களை வெட்டி ஒவ்வொரு குதிரைக்கும் காற்றுத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இதற்கெல்லாம் மேலே, அண்டார்க்டிகாவில் புல் என்பதே கிடையாது. அடுப்புக்கு வேண்டிய விறகு முழுவதையும் குதிரையே இழுத்துப் போக வேண்டும். துருவத்துக்கு ஸ்காட்டோடு போட்டியிட்ட, நாய்களை நம்பிய அமுண்ட்சன் 1911 அக்டோபர் 19 அன்றே கிளம்பிவிட்டார். நாய்க்கு உடம்பில் வியர்ப்பதில்லை, அண்டார்க்டிகாவின் கரையிலேயே அதற்குச் சீல் இறைச்சி கிடைக்கும். வசந்தத்தின் தொடக்கக் குளிரைக் குதிரைகள் தாங்காது என்று ஸ்காட் நவம்பர் 1 வரை காத்திருந்தார். அவருடைய தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு; குதிரைக்குக் காத்திருந்த அந்தப் பதின்மூன்று நாட்களும் அவற்றில் சேரும்.

ஆனாலும் குதிரையின் உடம்பு வெப்பத்தைவிடக் குளிரின் பக்கமே சாய்ந்தது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று ஒன்று கொடுக்கலாம். பாண்டிய நாட்டுக்கு அரபுத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது நாம் பள்ளியில் படித்ததுதான். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் மிஞ்சுவது மிகச் சில என்று வியந்து எழுதியிருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை, சோறும் கறியும் சமைத்துப் போடுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சோற்றின்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. குளிர்கால மயிர் இல்லாத குதிரைக்குச் சௌகரியமான வெப்பநிலை +5-இலிருந்து +25 டிகிரி வரை. நம் கடற்கரையின் புழுக்கம் அதைத் தாண்டித்தான் ஆண்டின் பெரும்பகுதி நிற்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோய்விடும் நோய் உண்டு. வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டுக் குதிரைகளை இந்தியா போன்ற இடங்களுக்குக் கொண்டுவந்தபோதுதான் அது கவனத்துக்கு வந்தது.

எதிர்முனைக்குப் போவோம். சைபீரியாவின் கிழக்கே சகா குடியரசு, யகூத்தியா என்ற பெயரும் உண்டு. பரப்பில் ஏறத்தாழ இந்தியா அளவு. மக்கள்தொகை பத்து லட்சம்தான். அங்கே ஓய்ம்யக்கோன், வெர்கோயான்ஸ்க் என்ற இரண்டு ஊர்கள் −67 டிகிரிக்கும் கீழே பதிவான குளிருக்காகத் தங்களுக்குள் போட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த நிலத்தில் யகூத் குதிரை ஆண்டு முழுக்க வெளியிலேயே வாழ்கிறது. லாயம் இல்லை, போர்வை இல்லை, பெரும்பாலும் தீவனமும் இல்லை. குட்டையான கால், பீப்பாய் உடம்பு, கரடி மாதிரி மயிர். குட்டி போடுவதும் பனி கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வெட்டவெளியில்தான்.

அது தின்பது என்ன? உறைநிலம் உருகிச் சரிந்த இடங்களில் அங்கங்கே வட்டமான புல்வெளிகள் உண்டு. நடுவில் ஒரு குளம் இருக்கும். "அலாஸ்" என்பது யகூத் மொழிப் பெயர். அங்கே இலையுதிர் காலத்தில் மறுபடி தளிர்க்கும் கோரைப்புல் காய்வதற்குள் குளிர் வந்து பச்சையாகவே உறைந்துவிடும். அதன்மேல் பனி மூடும். இயற்கை தானே கட்டி வைத்த குளிர்பதனக் கிடங்கு. குதிரை முன்னங்காலால் பனியைத் தோண்டித் தோண்டி அந்தப் பச்சையை எடுத்துத் தின்னும். கவனித்துப் பார்த்தால் அவசரமே இருக்காது. இரண்டு உதை, மூக்கால் ஒரு துழாவல், ஒரு கடி, ஒரு அடி முன்னே. நாள் முழுக்க அதுதான் வேலை. தாகத்துக்குப் பனியையே தின்னும். மாட்டுக்கு இந்தத் தோண்டும் புத்தி கிடையாது. மூக்கால் முட்டிப் பார்க்கும், முடியாவிட்டால் நிற்கும். யகூத் மக்கள் மாட்டுக்குத் தொழுவம் கட்டி வைக்கோல் சேர்த்தார்கள், குதிரையை அதன் பாட்டுக்கு விட்டார்கள். மங்கோலியாவில் மேய்ப்பர்கள் குதிரையை முதலில் மேயவிட்டு, அது பனியைக் கிளறிய தடத்தில் ஆட்டை விடுவார்கள்.

இந்த உடம்பு எத்தனை லட்சம் ஆண்டுகளில் உருவாகியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். 2015-இல் லுடோவிக் ஒர்லாண்டோவின் குழு யகூத் குதிரைகளின் மரபணுவை முழுதாகப் படித்தது. அதே நிலத்தில் 5,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குதிரை ஒன்றின் எச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டுக்கும் நேரடி உறவே இல்லை! பழைய குதிரைகளின் வம்சம் அற்றுப்போய்விட்டது. இப்போதுள்ளவை 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை பைக்கால் ஏரிப் பக்கமிருந்து வடக்கே பெயர்ந்த யகூத் மக்களோடு வந்தவை. வந்து எண்ணூறு ஆண்டுகூட ஆகவில்லை. குதிரைத் தலைமுறைக் கணக்கில் சுமார் நூறு. அதற்குள் மயிர் அடர்த்தி, உடல் அளவு, ஆற்றலைச் செலவிடும் விதம் எல்லாம் மாறிவிட்டன. பெரும்பாலான மாற்றம் மரபணுக்களில் நேரடியாக நடக்கவில்லை. எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பகுதிகளில் நடந்திருக்கிறது. சமையல்காரர் மாறவில்லை, அடுப்பின் குமிழைத் திருகிவைத்த கதை. அந்த மாற்றங்களில் சில கம்பளி யானைகளிலும் சைபீரியப் பழங்குடி மனிதர்களிலும் காணப்படும் மாற்றங்களோடு ஒத்துப்போகின்றன என்பதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. குளிர் என்ற ஒரே வாத்தியாரிடம் மூன்று மாணவர்கள் வெவ்வேறு காலத்தில் படித்திருக்கிறார்கள்.

குமிழைத் திருகுவது ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடக்கும் காரியமும்கூட. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஷெட்லாண்ட் மட்டக்குதிரைகளை வெளியில் வைத்து அளந்தபோது, குளிர்காலத்தில் அவை எரிக்கும் ஆற்றல் கோடையைவிடக் குறைந்திருந்தது. தீனியைக் குறைத்தால் இன்னும் குறைத்துக்கொண்டன, உடல் வெப்பத்தையும் சற்றே இறக்கின. குளிர் கூடினால் அதிகம் எரிக்க வேண்டும் என்ற மேலே சொன்ன கணக்கோடு இது முரண்படுவதாகத் தோன்றும். அந்தக் கணக்கு வேளாவேளைக்குத் தீனி கிடைக்கும் குதிரைக்குரியது. பழைய நாட்டு இனங்களிடம் இன்னொரு வழியும் கைவசம் இருக்கிறது: குறைவாக நடப்பது, தோலைச் சில்லிட விடுவது, வசந்தம் வரும்வரை தாக்குப்பிடிப்பது. பண்ணைக் குதிரை ஜனவரியில் மந்தமாக நிற்பதைச் சோர்வு என்று நாம் நினைக்கிறோம்; பாதி நேரம் அது சிக்கனம்.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மங்கோலியர்கள் "ஜுட்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், கால்நடை கூட்டம் கூட்டமாகச் சாகும் குளிர்காலத்துக்கு. பனி ஆழமாக மூடினால் வெள்ளை ஜுட். பனியே விழாமல் தண்ணீருக்கு வழியில்லாமல் போனால் கறுப்பு ஜுட். நடுவில் ஒருநாள் வெயில் வந்து பனி உருகி மறுபடி உறைந்தால் மேலே இரும்புத் தகடு மாதிரி பனிக்கட்டி மூடும். குளம்பு உடைக்க முடியாது. அதுதான் இரும்பு ஜுட், அதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். 2009–10 குளிர்காலத்தில் ஆடு, மாடு, குதிரை, ஒட்டகம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு கோடி உயிர் போனது. குளிரில் செத்தன என்று செய்தி வரும். கோடை வறட்சியில் கொழுப்புச் சேராமல், குளிர்காலத்தில் புல் எட்டாமல், அடுப்பு அணைந்துபோய்ச் செத்தன என்பதே சரி. ஐஸ்லாந்தில் 2019 டிசம்பர் புயல் வேறு வகை. அங்கே குதிரைகள் குளிர்காலத்தை வெளியில் கழிப்பது ஆயிரம் ஆண்டு வழக்கம். அந்தப் புயலில் வடபகுதியில் சுமார் நூறு குதிரைகள் இறந்தன, பல பனிக்குவியலில் புதைந்து. நன்றாகத் தின்ற, நல்ல மயிருள்ள குதிரைகளே அவற்றில் இருந்தன. வெளியில் விடுவதே இயற்கை, இயற்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று அடித்துச் சொல்பவர்களை நான் முழுதாக நம்பாதது இதனால்தான். இயற்கை பார்த்துக்கொள்ளும், சிலவற்றைக் கழித்தும் விடும். யகூத் குதிரையின் நூறு தலைமுறையில் கழிந்துபோனவற்றை யாரும் எண்ணிவைக்கவில்லை.

வேலிக்குள் நிற்கும் குதிரைக்குத் தோண்டித் தின்ன ஓர் அலாஸும் இல்லை, ஒதுங்கிப்போக ஒரு காடும் இல்லை. தண்ணீருக்கும் அது நம்மைத்தான் நம்பியிருக்கிறது. உலர்புல் தின்னும் குதிரைக்கு நாளுக்கு இருபது, முப்பது லிட்டர் வேண்டும். தொட்டி உறைந்துகிடந்தால் குடிக்காது. தண்ணீரில்லாமல் உள்ளே போன புல் குடலில் இறுகிக் கட்டிக்கொள்ளும். அது கோலிக் எனப்படும் வயிற்றுவலியாகி, ஒரே இரவில் குதிரையைச் சாய்த்துவிடலாம். வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் தொட்டியில் மின்சூடாக்கி போட்டுவைப்பது வடக்கில் வழக்கம். இன்னொன்று கை. குளிர்கால மயிர் கண்ணை ஏமாற்றும். எலும்பும் தோலுமான குதிரையும் பந்து மாதிரி உருண்டையாகத் தெரியும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றிவிட்டு, மயிரைக் கலைத்து, விலா எலும்பின்மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். அழுத்தினால் மட்டும் எலும்பு தட்டுப்பட்டால் சரி. தொட்டதுமே தட்டினால் தீனி போதவில்லை.

கதவைச் சாத்திய லாயத்தில் வைத்தால் இந்தக் கவலையெல்லாம் வேண்டாமே என்று கேட்கலாம். சாத்திய லாயத்தில் மூத்திரத்தின் அமோனியாவும் புல்லின் தூசியும் பூஞ்சையும் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும்; குதிரைக்கும் ஆஸ்துமா வரும். நமக்குக் கதகதப்பாகத் தோன்றும் லாயம் குதிரைக்குப் பெரும்பாலும் புழுக்கம். இருபத்துமூன்று மணி நேரம் ஒரு அறைக்குள் நிற்க அந்த உடம்பு செய்யப்படவும் இல்லை.

எது வேண்டும் என்று குதிரையையே கேட்டுவிட்டால் என்ன? நார்வேயில் அதைச் செய்தே பார்த்தார்கள். சேசிலி மெய்டெல் என்ற கால்நடை மருத்துவரின் குழு 23 குதிரைகளுக்கு மூன்று வெள்ளைப் பலகைகளைப் பழக்கியது. ஒன்றில் கிடைக்கோடு: போர்வை போடு. ஒன்றில் செங்குத்துக் கோடு: போர்வையை எடு. மூன்றாவது வெறும் வெள்ளை: இருக்கிறபடி இருக்கட்டும். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடப் பயிற்சி. எந்தப் பலகையை மூக்கால் தொட்டாலும் ஒரு துண்டு காரட் உண்டு. காரட்டுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி ஏற்பாடு. பதினான்கு நாளில் 23-ம் கற்றுக்கொண்டன. 2016-இல் வெளிவந்த முடிவுகளில், குளிர்ந்த காற்றும் மழையும் அடித்த நாளில் குதிரைகள் கிடைக்கோட்டைத் தொட்டன. வெயில் அடித்த நாளில் போர்வையோடிருந்தவை செங்குத்துக் கோட்டைத் தொட்டன, போர்வை இல்லாதவை வெறும் பலகையைத் தொட்டு அப்படியே இருந்துவிட்டன.

ஆய்வுக்குள் அடங்காத ஒன்றையும் அவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். தாங்கள் சொன்னால் இந்த மனிதர்களுக்குப் புரிகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, சில குதிரைகள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. பயிற்சியாளரைத் தொலைவில் கண்டதும் கனைத்துக்கொண்டு ஓடிவந்து, அவர் பின்னாலேயே சுற்றின. சரி, என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று முறை தவறி அவற்றைப் பலகைகளின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார்கள். செங்குத்துக் கோட்டைத் தொட்டன. போர்வையை அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே வியர்த்துக் கிடந்தது.